ஒரே ஃபைலில் நாலு பேர்

கிங்ஸ்லியின் கர்சர் நின்ற இடத்திலேயே நின்றது. வெளிர் சிவப்பில் ஒரு சின்ன அம்பு, அதன் வாலில் அவன் பெயர். 'மருந்துச் சீட்டு' என்று தலைப்பிட்ட திரையின் நடுவில், சேமி பட்டனுக்குச் சற்று மேலே, ஈ ஒட்டினது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மைதீன் பாத்திமா தன் கர்சரை அந்தத் திரைக்குக் கொண்டுபோனாள். உடனே ஓரத்தில் கரை போட்ட ஒரு துண்டின் படம் வந்து, 'கிங்ஸ்லி வேலை செய்கிறார், பொறுங்கள்' என்றது. அந்த வாசகத்தை எழுதியதே அவள்தான். எழுதின அன்றைக்கு, நாலு பேர் படிக்கப் போகிற வாசகம், பொறுங்கள் என்று மரியாதையாக இருக்கட்டும் என்று யோசித்து யோசித்துப் போட்டாள். இப்போது அதைப் படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது.

"லாத்தா, எனக்கும் துண்டுதான் காட்டுது" என்றாள் மஸ்கட்டிலிருந்து அஸ்ஃபியா. பாத்திமாவை அக்கா என்பதற்கு லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாருக்கும் துண்டுதான். அவன் எங்க போனான்?" இது அம்பாசமுத்திரத்திலிருந்து நாறும்பூநாதன். கம்பெனி அவருடையது. கம்பெனி என்றால் இந்த நாலு பேர்தான்.

பாத்திமா செல்போனில் கிங்ஸ்லியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, லேப்டாப் பக்கத்தில் வைத்தாள். உவரியில் காற்று அடிக்கிற சத்தம் முதலில் வந்தது. பிறகுதான் அவன் வந்தான்.

"எக்கா, கீழ நெட்டு போயிட்டு. மாடிக்கு ஏறுதேன். மாடி பூரா வலையக் காயப் போட்டுருக்காவ, அதத் தாண்டி மூலைக்குப் போணும்."

"ஏலே, நீ வலையத் தாண்டு, இல்ல கடலத் தாண்டு. மொதல்ல துண்ட எடுலே" என்றார் நாறும்பூநாதன்.

"நெட்டு இல்லாம துண்ட எப்படி அண்ணாச்சி எடுக்க?"

மூன்று ஊரில் மூன்று பேர் ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலப்பாளையத்தில் பாத்திமா வீட்டு வாசலில் உப்பு விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். கிங்ஸ்லியின் மாடி மூலைக்கு ஒருவழியாக நெட் வந்து, துண்டு விலகியபோது, அஸ்ஃபியா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். "அடுத்த வியாழக்கெழம கொச்சிக்காரங்க முன்னாடியும் இப்படித்தான் நிக்கப் போறோமா?" என்று நாறும்பூநாதன் பொதுவாகக் கேட்டார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனால் துண்டை எழுதினது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர்களுடைய மென்பொருளுக்கு 'ஒத்திகை' என்று பெயர். ஒரு ஆப்பை உட்கார்ந்து எழுதுவதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று பொம்மையாகச் செய்து பார்க்கிற கருவி அது. திரைகளை வரையலாம், பட்டன் வைக்கலாம், இந்தப் பட்டனை அழுத்தினால் அந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று கோடு இழுத்துவிடலாம். உள்ளே ஒன்றும் இருக்காது, ஆனால் அழுத்தினால் ஓடும். வாடிக்கையாளர் அழுத்திப் பார்த்து, இது வேண்டாம், அது இங்கே வரட்டும் என்று சொல்லிவிட்டால், பிறகு எழுதுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். வருஷக்கணக்காக அது கம்ப்யூட்டரில் இறக்கிப் போட்டுக்கொள்கிற மென்பொருளாகத்தான் இருந்தது. பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில் அப்போது அவர்கள் ஆபீஸ். பாத்திமா கல்லூரி முடித்துக் கொஞ்ச காலத்தில் அங்கே சேர்ந்தவள். கல்யாணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் விடுப்பு எடுத்த நாட்கள் தவிர, வேறு வேலை என்று அவள் போனதில்லை. ஒத்திகையில் ஃபைலைத் திறப்பது, மூடுவது, காப்பாற்றி வைப்பது எல்லாம் அவள் எழுதியதுதான்.

துண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்து வேலை செய்து, இரண்டு பேரும் சேமித்தால், பிந்திச் சேமித்தவருடையது நிற்கும், முந்தினவருடையது சுத்தமாகப் போய்விடும். அஸ்ஃபியா புதிதாகச் சேர்ந்திருந்த நேரம், ராப்பகலாகப் பார்த்த வேலை அப்படித்தான் போனது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. மறுநாள் நாறும்பூநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு மானிட்டர் மேல் வீசினார். "பஸ்ஸுல சீட்டு பிடிக்குத மாதிரிதான். துண்டு எது மேல கெடக்கோ, ஃபைலு அவங்களுக்கு. மத்தவங்க கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார். சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆபீஸில் யாருடைய வேலையும் காணாமல் போகவில்லை. துண்டுகள் நைந்து, வேறு துண்டுகள் வந்தன. "துண்டு யாருட்ட?" என்று கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் தொடங்கியது.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். அஸ்ஃபியா நிக்காஹ் முடிந்து மஸ்கட் போனாள். கிங்ஸ்லியின் அப்பாவுக்குப் படகில் விழுந்து இடுப்பு போய்விட்டது, ஒரே பையன், உவரிக்குத் திரும்பினான். மாடி வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்றார். இதுதான் சாக்கென்று நாறும்பூநாதனும் அம்பாசமுத்திரத்துக்கே போய்விட்டார். ஃபைல்கள் மெயிலில் ஊர் சுற்ற ஆரம்பித்தன. 'கடைசி' என்று ஒன்று, 'கடைசி-திருத்தியது' என்று ஒன்று, 'இதுதான் கடைசி' என்று ஒன்று. எது கடைசி என்று பாத்திமா போன் போட்டுக் கேட்டால், மூன்று பேரும் மூன்று சொல்வார்கள். அவர்களுக்கே இப்படி என்றால் வாங்கி உபயோகிக்கிறவர்களைக் கேட்கவே வேண்டாம். அவர்களிலும் பெரியவர்கள் கொச்சியில் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனிக்காரர்கள். அவர்கள் ஆட்கள் கொச்சியில் பாதி, கோயம்புத்தூரில் கொஞ்சம், தோஹாவில் கொஞ்சம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் இருந்து வேலை பார்க்க வேண்டும், பிரவுசரில் திறக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி ஒத்திகையை முழுக்க இணையத்துக்கு மாற்றி எழுதினார்கள். அதை அவர்களுக்குக் காட்ட வேண்டிய நாள்தான் அந்த வியாழக்கிழமை. எழுதும்போது பாத்திமா துண்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். ஒருவர் கை வைத்த திரையில் இன்னொருவர் கை வைக்க முடியாது. அதை வேறு மாதிரி செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கொச்சிக்காரர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நாறும்பூநாதன் மறைக்கவில்லை. சென்னையில் ஒருவர் ஒத்திகையை அப்படியே வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், ஆட்களையும் எடுத்துக்கொள்வார், ஆனால் எல்லோரும் அங்கே வந்து ஆபீஸில் உட்கார வேண்டும். பாத்திமா இதை வீட்டில் சொன்னபோது ஹசன் அலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஜாரில் லுங்கி மொத்தக் கடை அவருக்கு. "நீ போணும்னா போ. நான் ஒண்ணும் தடுக்க மாட்டேன்" என்றார். நல்ல மனுஷர், உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் கடை இங்கே, மகளின் பள்ளிக்கூடம் இங்கே. அந்த வார்த்தைக்கு அர்த்தம், வேலை போய்விடும் என்பதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் தட்டில் குழம்பு ஊற்றிவிட்டு அவள் எழுந்து போனாள். இந்த வேலை இல்லாத தன்னை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்து என்ன செய்வாள்? வீட்டில் வேலையா இல்லை? ஆனால் அதெல்லாம் செய்தால் தீர்ந்துபோகிற வேலை, மறுநாள் திரும்பவும் செய்ய வேண்டிய வேலை. இது அப்படி இல்லை. அவள் எழுதி வைத்த ஒன்று யாரோ ஒரு ஊரில், யாரோ ஒருவர் கையில், அவள் தூங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிங்ஸ்லி மாடி ஏறின அன்றைக்கே அவள் ஒரு திருத்தம் செய்தாள். ஆள் காணாமல் போனால் சற்று நேரத்தில் துண்டு தானாக விலகிவிடும். மறுநாள் சோதித்துப் பார்த்தார்கள். கிங்ஸ்லிக்கு நெட் போனது. போனது அவனுக்குத் தெரியவில்லை, அவன்பாட்டுக்கு வரைந்துகொண்டே இருந்தான். இங்கே துண்டு விலகி, அஸ்ஃபியா உள்ளே போய்விட்டாள். அவனுக்கு நெட் திரும்பி வந்தபோது, அவன் வரைந்ததை ஏற்றுக்கொள்ள இடம் இல்லை.

"எக்கா, நான் வரஞ்சதெல்லாம் எங்கக்கா?"

பாத்திமா பழைய பதிவுகளில் தேடிப் பார்த்தாள்.

"மதியத்துல இருந்து ஒக்காந்து செஞ்சேன். சோறு திங்கக்கூட எந்திரிக்கல."

"அன்னைக்கு நானு, இன்னைக்கு நீ. வா, மாடிப்படில இடம் இருக்கு" என்றாள் அஸ்ஃபியா. கிங்ஸ்லி சிரிக்க முயன்றான். சரியாக வரவில்லை. துண்டு கிடக்கிற நேரத்தைக் கூட்டினால் மற்றவர்கள் நிற்க வேண்டும், குறைத்தால் கிங்ஸ்லியின் வேலை போகும். பாத்திமா கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். எந்த அளவிலும் யாரோ ஒருவருக்கு அநியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் நேரத்தை நீளமாகவே விட்டுவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினத்தில் கல்யாணம். ஹசன் அலியின் பெரியம்மா வீடு, போகாமல் இருக்க முடியாது. வேலை கிடக்கிறதே என்று அவள் முனகியதற்கு, "கல்யாணத்துக்குப் போகாட்டா உன் கம்ப்யூட்டரு ஒருநாள்ல தேறிருமா?" என்றார். காரில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பின் சீட்டில் மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கினாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, ஒரு பக்கம் வாழையும் ஒரு பக்கம் வயலுமாக ரோடு போனது. பாலத்தில் ஏறும்போது கீழே ஆற்றில் ஆட்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிராமல் ஒரு திரையில் எதையோ சரி பண்ணிக்கொண்டே வந்தாள். ஏரல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வாழைத்தார் லாரிக்குப் பின்னால் கார் ஊர்ந்தபோது, செல்போன் வரிசையாகக் கிணுகிணுத்தது. எல்லாம் அஸ்ஃபியாவிடமிருந்து. 'லாத்தா இருக்கியளா.' 'லாத்தா துண்ட எடுங்க.' 'லாத்தா நான் போயி புள்ளைக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டிட்டு வந்துட்டேன், இன்னும் துண்டு கெடக்கு.'

அத்தனை நேரமும் நெட் இல்லை, அது அவளுக்குத் தெரியவே இல்லை. கிங்ஸ்லி சொன்னபோது, கவனமாக இருக்க வேண்டாமா இந்தப் பையன் என்று உள்ளுக்குள் நினைத்தது ஞாபகம் வந்தது. லேப்டாப்பை மூடினாள்.

"என்ன?" என்றார் ஹசன் அலி.

"ஒண்ணுமில்ல. சீட்டுல துண்டப் போட்டுட்டு பஸ்ஸுல ஏறாத ஆளு நான்தான்."

அவர் லாரியைப் பார்த்துக்கொண்டே, "அப்பம் யாராவது துண்டத் தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்துருவாங்க" என்றார்.

கல்யாண வீட்டில் பெண்களுக்கு எதிர்வீட்டில் சாப்பாடு. அந்த ஊர் வழக்கப்படி சகன் சாப்பாடுதான். மூன்று மூன்று பேராக உட்கார வேண்டும், நடுவில் ஒரு பெரிய தட்டு, அதில் நெய்ச்சோற்றைக் குவித்துக் களறிக்கறியை ஊற்றிக்கொண்டு போவார்கள். பாத்திமாவுக்கு ஒரு பக்கம் ஜுபைதா பீவி மாமி, ஹசன் அலி வகையில் உறவு, வாய் ஓயாதவள். இன்னொரு பக்கம் மருதாணிச் சிவப்பு மாறாத கையோடு யாரோ பெண்வீட்டுச் சின்னப் பெண், பெயர் தெரியாது. அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள்.

எத்தனையோ சகனில் உட்கார்ந்திருக்கிறாள். கைகளை இப்படிப் பார்த்ததில்லை. அவரவர் முன்னால் இருக்கிற சோற்றை அவரவர் எடுத்தார்கள். கோடு என்று ஒன்றும் இல்லை. கைக்கும் கைக்கும் நடுவில் சோறு ஒரு வரப்பு மாதிரி நின்றது, அந்த வரப்பும் சாப்பிடச் சாப்பிட மெலிந்துகொண்டே வந்தது. மாமி பேச்சோடு பேச்சாக ஒரு கறித்துண்டைச் சின்னப் பெண் பக்கம் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் வேண்டாம் என்று திருப்பித் தள்ளவில்லை, ஆனால் உடனே எடுக்கவும் இல்லை. ஒருதடவை பாத்திமாவும் அவளும் ஒரே கத்திரிக்காய்த் துண்டுக்குக் கையைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு கையும் பின்வாங்கின. அந்தப் பெண் சிரித்துவிட்டு, விரல் நுனியால் அதை பாத்திமா பக்கம் நகர்த்தினாள்.

நாம் எழுதியிருக்கிறபடி என்றால், மாமி முதலில் தட்டு மேல் துண்டைப் போட்டுச் சாப்பிட்டு முடிக்க வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் பொறுக்க வேண்டும் என்று நினைத்தாள். மாமி பேசுகிற பேச்சுக்கு அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன புள்ள, சோத்தப் பாத்துச் சிரிக்க? சகன்ல ஒக்காந்துட்டு யோசன பண்ணுனா பக்கத்துல இருக்கவ தின்னுட்டுப் போயிருவா" என்றாள் மாமி.

ஆனால் சோறு வேறு, ஃபைல் வேறு என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். சோறு சாப்பிட்டால் போய்விட்டது. அதில் மேலே எழுதுவது, அழிப்பது எல்லாம் கிடையாது. சரி. ஆனால் நாம் பூட்டி வைக்கிறது எதை? ஒரு முழுத் திரையை. கிங்ஸ்லி ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவதற்காக அத்தனை பெரிய தட்டையும் மூடி வைத்திருக்கிறோம். ஒருவர் எடுக்கிறது ஒரு விரல் அளவுதான். பட்டனின் நிறம் ஒரு விரல். அதன் மேல் இருக்கிற எழுத்து ஒரு விரல். அது நிற்கிற இடம் ஒரு விரல். அப்படிப் பிரித்துவிட்டால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதே விரலளவில் கை வைப்பது எத்தனை தடவை நடக்கும்? நெட் போய்த் திரும்பி வருகிறவன், தான் மாற்றின விரலளவுகளை மட்டும் கொண்டுவந்து வைத்தால் போதும். யாருடையதையும் வாரிக் கொட்ட வேண்டாம். சின்னப் பெண் எழுந்து கை கழுவப் போனது கூட அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரிலிருந்தே நாறும்பூநாதனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள்.

"துண்ட எடுத்துட்டா அடிதடிதான் வரும், பாத்திமா."

"வராது அண்ணாச்சி."

"ரெண்டு பேரும் அதே பட்டனோட அதே நெறத்துல கை வச்சா?"

"கடைசியா வச்சது நிக்கும். மொதல்ல வச்சவங்க கண்ணு முன்னாலதான மாறும்? என்னத்துக்கு மாத்துனன்னு கேட்டுக்கிடுவாங்க."

"நீ ஆளுகள நம்புத."

"நம்பாமத்தான் இப்பம் இங்கன வந்து நிக்கோம்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "அன்னைக்கு அந்தப் புள்ள மாடிப்படில இருந்து அழுதத பாத்துட்டுத்தான் நான் துண்டத் தூக்கிப் போட்டேன். வெளையாட்டுக்குச் செய்யல."

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு அதுதான் சரி. ஒருத்தர் செய்யுதது இன்னொருத்தருக்குத் தெரியாது. சேமிச்ச பொறவுதான் போச்சுன்னு தெரியும். இப்பம் எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டேல்லா இருக்கோம். பாத்துக்கிட்டு இருக்கும்போது யாரு போயி அடுத்தவங்க வேலையக் கெடுப்பாங்க?"

"சென்னைக்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அத ஞாபகத்துல வச்சுக்கோ" என்றார். அதட்டலாக இல்லை, கவலையாகத்தான் சொன்னார். "புதங்கெழம சாயந்தரம் காட்டு. சரியில்லன்னா பழசையே வச்சு ஒப்பேத்துவோம்."

பழசை வைத்து ஒப்பேற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

அந்த மூன்று நாளும் பாத்திமா வேறு எதையும் யோசிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்தால், அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். ஹசன் அலி மதியம் கடையிலிருந்து வரும்போது பரோட்டா வாங்கி வந்து, எதுவும் பேசாமல் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். பொட்டலம் ஆறிப்போய்க் கிடக்கும். தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே பிடுங்கிப் போடுவது லேசாக இல்லை. ஒவ்வொரு பூட்டை எடுக்கும்போதும், இதனால் யாருடைய வேலையோ போகப் போகிறது என்ற பயம் வந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பாள். பிறகு எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஓடாமல் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை அது. பழசும் இல்லை, புதுசும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு, வாசல் வரை நடந்து, தெருவைப் பார்த்துவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு பேரும் உள்ளே வந்தார்கள். நாறும்பூநாதன் உடைத்துப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்.

"ஏலே கிங்ஸ்லி, அந்தப் புள்ள எதத் தொட்டாலும் நீயும் அதையே தொடு. விடாத."

கிங்ஸ்லி பட்டனைப் பச்சையாக்கினான். அஸ்ஃபியா நீலமாக்கினாள். அவன் பச்சை. இவள் நீலம். பட்டன் நிறம் மாறி மாறி மின்னியது. "இவன் எங்கூட வெளையாடுதான் லாத்தா, வேலையே செய்யுததில்ல" என்று அஸ்ஃபியா சிரிக்க, கிங்ஸ்லி சிரிக்க, கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் கை ஓய்ந்துவிட்டது. எதுவும் உடையவில்லை. பட்டன் நீலமாக நின்றது.

"சரி, வெளையாட்ட விடுங்க. இப்பம் நெசமாவே வேலையப் பாருங்க" என்றார் அவர்.

அஸ்ஃபியா நோயாளிகள் பட்டியலைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். கிங்ஸ்லி மருந்துச் சீட்டிலிருந்து கிளம்பி அந்தப் பக்கம் வந்தான். அவன் கர்சர் பட்டியலுக்குப் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் தயங்கி நின்றது. பிறகு தானாக மேலே ஏறி, தலைப்பைத் திருத்தப் போனது.

"ஏன்லே போயிட்ட?" என்றார் நாறும்பூநாதன்.

"அவ இருக்காள்லா அண்ணாச்சி."

அவர் அடுத்த சோதனைக்குப் போனார். நெட்டை நிறுத்திவிட்டு வரையச் சொன்னார், வரைந்தான். திரும்பப் போடச் சொன்னார், போட்டான். அவன் வரைந்தது ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அஸ்ஃபியாவினுடையது அப்படியே இருந்தது. நாறும்பூநாதன் தன் கர்சரைக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கடையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவர் மாதிரி. "ம்" என்றார். "நாளைக்கு இதையே காட்டு. நீயே பேசு, நான் பேசல."

வியாழக்கிழமை கொச்சியிலிருந்து அவர்களுடைய மேலாளர் வந்தார், முகம் காட்டாமல் குரல் மட்டும். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வர, திரையில் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. இத்தனை பேரை ஒரே ஃபைலில் பாத்திமா அதுவரை பார்த்ததில்லை. முதலில் அவள் ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே போனாள். பிறகு, காட்ட வேண்டியது முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது பேச என்ன இருக்கிறது என்று தோன்றி, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நடுவில் நெட் போய், கிங்ஸ்லியின் பெயர் மங்கிப் போனது. ஆனால் யாரும் நிற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெயர் மறுபடி தெளிந்தபோது, அதையும் அவளைத் தவிர யாரும் கவனித்த மாதிரி இல்லை.

மேலாளர் ஒன்றுதான் கேட்டார். என் ஆட்கள் ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுத்துவிட்டால்? அப்படி நடக்கவே நடக்காது என்று பாத்திமா சொல்லவில்லை. நடந்தால் இரண்டு பேருக்கும் அப்போதே தெரியும், பழையதைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் பெரும்பாலும் ஆட்கள் தாங்களே விலகிக்கொள்கிறார்கள், நாங்கள் பார்த்தது அதுதான் என்றாள். அவர் சரி என்றார். ஆட்களோடு கலந்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொல்லுத?" என்றார் நாறும்பூநாதன், அவர்கள் மட்டும் இருந்தபோது.

"தெரியல அண்ணாச்சி."

"எனக்கும்தான் தெரியல. ஆனா நல்லாச் சொன்ன" என்றார். "சாப்பிட்டியா? போயிச் சாப்பிடு." அவர் பெயர் மறைந்தது. கிங்ஸ்லி, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கிளம்பினான். அஸ்ஃபியா, "துஆ செய்யுதேன் லாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாத்திமா ஃபைலை மூடுவதற்காகக் கையைக் கொண்டுபோனாள். அப்போதுதான் பார்த்தாள். எல்லோரும் போகவில்லை. ஜாய்சி என்று ஒரு பெயர் இன்னும் உள்ளே இருந்தது. கூட்டம் நடந்தபோது அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. பெயரை வைத்து நம் கடற்கரைப் பக்கத்துப் பெண்ணாக இருக்குமோ என்று அப்போதே நினைத்திருந்தாள். தோஹாவில் நர்ஸாக இருந்தவர், இப்போது திரைகளைச் சரிபார்க்கிறவர் என்று அறிமுகப்படுத்தியதோடு சரி. அந்தக் கர்சர் மருந்துச் சீட்டுத் திரையில் மேலும் கீழுமாக உலாவிக்கொண்டிருந்தது. டெமோ முடிந்துவிட்டது, இனி இங்கே யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் ஜாய்சி ஒரு பெட்டியை இழுத்தார். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில், நர்ஸ் எழுதிக்கொள்ள இடம். பெட்டி பெரிதாகித் திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டது. அதை உள்ளே தள்ளிவிட பாத்திமாவின் விரல் துறுதுறுத்தது.

அவள் அசைவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து இன்னொரு பெயர் வந்து சேர்ந்தது. யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கர்சர் கொஞ்சம் தள்ளியே நின்றது. ஜாய்சியின் கர்சர் பெட்டியை விட்டு நகர்ந்து வழி விட்டதும், பைய வந்து, நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்து, மற்றவற்றோடு வரிசையாக நிறுத்தியது. அதற்குள் ஜாய்சி பக்கத்து வெற்றிடத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு புதுத் திரையை விரிக்க ஆரம்பித்தார். வெள்ளையாக அது அகலமாகிக்கொண்டே போனது. பிறகு நின்றது. அதன் தலையில் ஓர் எழுத்து வந்தது, அழிந்தது, மறுபடி வந்தது, அதன் பக்கத்தில் இன்னோர் எழுத்து வந்தது. பாத்திமா மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.